முப்பத்திரண்டாவது புகை

வாற்கோதுமை மாவு விரலில் ஒட்டாமல் வருகிறவரை பிசையவேண்டும், அதற்குள் தோள் இற்றுப்போகும், ஆனாலும் அந்த வியாழக்கிழமை காலையில் மாவு பதத்துக்கு வந்த பிறகும் இத்தோ நிறுத்தாமல் பிசைந்துகொண்டே இருந்தாள். முதுகில் துணியால் கட்டியிருந்த பத்து மாதப் பிள்ளை இஸ்ஸா அவள் குனிந்து நிமிர்கிற ஆட்டத்திலேயே தூங்கிப்போயிருந்தது. எதிரே சுவரோரம் அவள் புருஷன் மோஹா, மணிக்கட்டோடு முடிந்துபோன இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மாவைப் பார்த்தபடியே தன் கைகளிடம் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், மோஹாவுக்கு அது கேட்டது, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தான், ஏனென்றால் அன்றைக்கு அந்தக் கைகளும் போகிற நாள்.

எப்படி இப்படி ஆயிற்று என்றால், முதலில் புகையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

திமுலால் என்கிற அந்த ஊர் அட்லஸ் மலையின் ஒரு மடிப்பில், ஆற்றுக்கு மேலே, முப்பத்தோரு மண்வீடுகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அரசாங்கம் என்று ஒன்று சமவெளியில், நகரத்தில் இருப்பதாகச் சொல்வார்கள், யாரும் பார்த்ததில்லை. திமுலாலுக்கு அரசாங்கம் என்றால் காயித் என்கிற அதிகாரிதான். ஒரு பகல் முழுக்க நடந்து இறங்கினால் வருகிற பெரிய வீட்டில் சிவப்பு மேலங்கியோடு உட்கார்ந்துகொண்டு, நகரத்து அரசாங்கத்தின் பெயரால் அவர்தான் வழக்குத் தீர்ப்பார், அவர்தான் சிறையில் போடுவார், அவர்தான் வேலைக்கு ஆள் கேட்பார். அவருக்குக் கண்ணாக ஊருக்கு ஒரு முகத்தம் உண்டு, திமுலாலின் முகத்தம் ஹம்மு. காயித் கூரையை எண்ணுவதில்லை, தலையை எண்ணுவதில்லை, அடுப்பைத்தான் எண்ணுவார், எத்தனை அடுப்போ அத்தனை ஆள் நாற்பது நாள் அவருடைய வேலைக்கு இறங்கவேண்டும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, பனி கரைந்ததும், ஹம்மு விடியலில் ஆற்றுக்கு அக்கரைப் பாறையில் ஏறி நின்று, ஊரிலிருந்து எழும்புகிற ஒவ்வொரு புகைக்கும் ஓர் அக்ரூட் கொட்டையைத் தன் அங்கியின் தலைமூடிக்குள் போட்டுக்கொள்வார். முப்பத்தொன்று வரும். அவருடைய அப்பா எண்ணிய காலத்திலும் முப்பத்தொன்றுதான்.

முப்பத்திரண்டாவது புகை இத்தோவுடையது.

மாமியார் ஹத்தா கலவறைச் சாவியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பவள், வெண்ணெயை விரல்நுனியால் தொட்டு வைப்பவள். இத்தோ பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது பத்திய ரொட்டிக்கு வெண்ணெய் கேட்டாள், பெண்பிள்ளை பெற்றவளுக்கு இது போதும் என்று ஹத்தா எண்ணெயைக் காட்டிவிட்டுப் போனாள். இத்தோ அதிர்ந்து பேசத் தெரியாதவள், கிணற்றடியில் நாலு பெண்கள் சேர்ந்தால் தலைத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பவள். நாற்பதாம் நாள் குளித்துவிட்டு ஆற்றுக்குப் போனாள், மூன்று கல் பொறுக்கிக்கொண்டு வந்தாள், அதே முற்றத்தின் மறுகோடியில் வைத்துத் தனக்கென்று ஓர் அடுப்பு மூட்டினாள். அவ்வளவுதான் அவள் வாழ்க்கையில் போட்ட சண்டை. மோஹா சிரித்தான், ஒரு வீட்டுக்கு இரண்டு மூக்கு முளைத்துவிட்டது என்றான், இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டான். இத்தோவுக்கு அந்தப் புகை கண்ணைக் கரித்தபோதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

ஹம்மு பாறையில் நின்று முப்பத்திரண்டு கொட்டை போட்டார். அது ஒரே வீடு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண்டதைத்தான் சொல்லவேண்டும், தெரிந்ததைச் சொல்லக்கூடாது என்பது முகத்தமுக்கு விதித்த விதி. பழைய அடுப்பு மோஹாவின் பெயரில் இருந்ததால் புதியதை எந்தப் பெயரில் எழுதுவது என்று காயித்தின் குமாஸ்தா கேட்டார், மூட்டியவள் பெயரிலேயே எழுதுங்கள் என்று ஹம்மு சொல்லிவிட்டார். பெண்ணின் பெயரில் அடுப்பு அந்த மலையில் வேறெங்கும் கிடையாது. விதவையானவள்கூட மகன் அடுப்புக்கோ தம்பி அடுப்புக்கோ போய்விடுவதுதான் வழக்கம்.

அந்த வசந்தத்தில் முப்பத்தோரு ஆண்கள் இறங்கிப் போனார்கள். காயித்துக்குப் புது மாடம் எழும்பிக்கொண்டிருந்தது, மதில் எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பதாம் நாள் மத்தியானம் வேலை முடிந்து மதில் நிழலில் படுத்துத் தூங்கினார்கள், எழுந்தபோது செருப்பைக் கழற்றி வைத்த மாதிரி அவரவர் கை அவரவர் கரண்டியையும் மண்வெட்டியையும் பிடித்தபடி தனியே கிடந்தது. ரத்தமில்லை, வலியில்லை, மணிக்கட்டு ஆற்றுக்கல் மாதிரி வழவழப்பாக இருந்தது. குமாஸ்தா வந்து, ஊரில் அறுப்புக் காலமாயிற்றே, காயித் இரக்கப்பட்டு உங்களை வீட்டுக்கு அனுப்புகிறார், அவருக்கு வேண்டியது கைகள்தான், வேலை முடிந்ததும் அவையும் வந்துசேரும் என்றார். அவர்கள் நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள். உண்மையாகவே நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள்.

முதல் வாரம் ஊர் அழுதது. இரண்டாவது வாரம் வாற்கோதுமை முற்றிவிட்டதால் அழ நேரமில்லாமல் பெண்கள் அறுத்தார்கள், கட்டினார்கள், சுமந்தார்கள், போரடித்தார்கள், அந்தி சாய்ந்ததும் வீட்டுக்கு வந்து முதலில் பிள்ளைக்கு, அப்புறம் புருஷனுக்கு, கடைசியில் தனக்கு என்று ஊட்டினார்கள். கையில்லாதவன் எப்படித் தொழுகைக்குக் கைகழுவுவது என்று கேள்வி வந்தது, இருக்கிறவரைக்கும் கழுவினால் போதும் என்று பள்ளிவாசல் ஆசான் சொன்னார். சந்தையில் பேரம் முடிந்தால் கைகோத்து முடிக்கிற வழக்கம் போய், நெற்றியோடு நெற்றி முட்டி முடிக்கிற வழக்கம் வந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள், அடுத்த வாரமே அவர்களும் முட்டினார்கள். ஆண்களுக்குப் பேச்சு கூடிவிட்டது, கையால் காட்ட முடியாததையெல்லாம் வாயால் காட்டவேண்டியிருந்தது. ஊரிலேயே ஒருத்திக்குத்தான் இதில் சந்தோஷம், அது ஸைதின் பெண்டாட்டி யம்னா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கைகளின் தடம் கன்னத்தில் இல்லாமல் அவள் கிணற்றுக்கு வந்ததில்லை. "அதுங்க அங்கேயே இருக்கட்டும், காயித் வீட்டுல தட்டு தூக்கிப் பழகட்டும்" என்று அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னபோது, பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

ஹம்முவின் கைகள் மட்டும் ஹம்முவிடமே இருந்தன, முகத்தமுக்கு வேலை விலக்கு உண்டு, அவர் வீடு அக்கரையில், அந்த அடுப்பு எண்ணிக்கையில் சேராது. வெட்கத்தில் அவர் அவற்றை அங்கிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தார். தியாகப் பெருநாள் அன்றைக்கு ஊரின் முப்பத்தோரு கிடாயையும் அவர் ஒருவரே அறுக்கவேண்டியதாயிற்று, பெண்கள் அறுப்பது வழக்கமில்லை. பதினெட்டாவது கிடாய்க்கு மேல் கத்தியை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டியிருந்தது. முப்பத்தோராவதற்கு அவர் அழுதுவிட்டார் என்று சொல்வார்கள், அந்த ஊரில் அவருக்காக யாரும் வருத்தப்படவில்லை.

நாற்பது நாள் இன்னொரு நாற்பதாயிற்று, கோடை போயிற்று, அக்ரூட் உதிர்ந்தது, கைகள் வரவில்லை. மாடம் முடிந்ததும் ஆலிவ் தோப்பு, தோப்பு முடிந்ததும் செக்கு. கடைசியில் மனு எழுதுவது என்று முடிவாயிற்று. பள்ளிவாசல் ஆசானுக்குக் கை உண்டு, அவர் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடுகிறவர், தனக்கென்று அடுப்பில்லை, ஆகவே எண்ணப்படாதவர். அவர் அழகாக எழுதினார். கொண்டுபோனார்கள், குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது, அடுப்புக்காரன் ஒருவனுடைய கைநாட்டு எங்கே என்று கேட்டார். முப்பத்தொரு பேரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கைநாட்டு இல்லாத மனுவைக் காயித் பார்க்கமாட்டார். ஹம்முவின் பெருவிரல் காயித்தின் பெருவிரல், அது செல்லாது. ஆசானுடையது அடுப்பில்லாத விரல், அதுவும் செல்லாது. அப்போதுதான் குமாஸ்தா ஏட்டைப் புரட்டி, இங்கே இத்தோ என்று ஓர் அடுப்பு இருக்கிறதே என்றார்.

அன்று மாலை ஊர் முழுக்க இத்தோவின் முற்றத்தில் நின்றது. கையில்லாத முப்பத்தொரு ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். அவள் தலைத்துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொண்டாள். ஊரில் யாரும் அதுவரை அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. அவள் மோஹாவைப் பார்த்தாள். அவன் சொன்னான், "ஒரு விரல்தான் இத்தோ. வச்சுட்டு வந்துரலாம்."

அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அவர்களோடு இறங்கினாள். காயித் வீட்டு மதிலுக்குள் போனதும் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கைகள் எங்கும் இருந்தன. சுவர் பூசிக்கொண்டிருந்தன, ஆலிவ் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தன, ஸைதின் கைகள் தேநீர்த் தட்டை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு போயின. கூடத்து ஓரத்தில் ஒரு தொட்டில், அதில் காயித்தின் பேரன். அதை ஆட்டிக்கொண்டிருந்த கைகளின் இடது பெருவிரலில் மோஹாவுக்கு அரிவாள் பட்ட தழும்பு இருந்தது. மோஹா தன் பிள்ளையை ஆட்டியதே இல்லை, இஸ்ஸாவுக்கு நாற்பது நாள் கழிந்து தொட்டில் கட்டலாம் என்று இருந்தபோதுதான் அவன் போனான். இத்தோ முதுகுத்துணியை அவிழ்த்துப் பிள்ளையை அந்தக் கைகளுக்குக் கிட்டே கொண்டுபோனாள். இஸ்ஸா தழும்பைப் பிடித்து இழுத்தாள். கைகள் ஒரு கணம்கூட நிற்கவில்லை. ஈயை ஒதுக்குகிற மாதிரி அவளை ஒதுக்கிவிட்டுத் தொட்டிலை ஆட்டின. மோஹா அதைப் பார்த்தபடி நின்றான், அப்புறம் கதவுப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

காயித் நல்ல மாதிரிதான் பேசினார். மெலிந்த, தூக்கம் கெட்ட முகம். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார், மலையில் பனி விழுந்துவிட்டதா என்று கேட்டார். "நான் எனக்காகவா கேக்கறேன் மகளே? மேல கேக்கறாங்க, நான் கீழ கேக்கறேன்" என்றார். பிள்ளைக்குச் சர்க்கரைக்கட்டி கொடுக்கச் சொன்னார். சிவப்பு அங்கிக்குள்ளிருந்து சர்க்கரையை நீட்டிய கை கறுத்து, நகம் உடைந்து, பாறை வேலை செய்த கையாக இருந்தது, இன்னொரு ஊர்க்காரனுடையது. காயித்தின் சட்டைக்கைகள் இரண்டும் காலியாக மடியில் கிடந்தன. இத்தோ அதைப் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். குமாஸ்தா அவள் பெருவிரலை மையில் தொட்டு மனுவில் அழுத்தினார். வரும் வழியில் அவள் மோஹாவிடம் மட்டும் சொன்னாள், அவருக்கும் இல்லை என்று. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதையெல்லாம் நாம் பார்க்கவில்லை என்றான்.

இரண்டு வாரம் கழித்து ஹம்மு பதில் கொண்டுவந்தார். ஆசான் படித்தார். மனு முறையாக இருக்கிறது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, பரிசீலனையில் இருக்கும். ஊர் ஒன்றாக மூச்சு விட்டது, ஆண்கள் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டார்கள், ஆசான் இன்னும் முடியவில்லை என்றார். மனுதாரரான அடுப்பு தன்னுடைய நாற்பது நாளை இதுவரை கொடுக்கவில்லை என்பது ஏட்டைப் பார்த்ததில் தெரியவருகிறது, ஆகவே வருகிற வியாழக்கிழமை அந்த அடுப்பின் கைகள் இறங்கிவரவேண்டும். அதற்கு முந்திய நாள் முகத்தம் புகையை ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லவேண்டும். அடுப்பு அணைந்திருந்தால் மனுதாரர் இல்லை, மனுதாரர் இல்லாவிட்டால் மனு இல்லை.

மெல்ல ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். மறுநாள் காலையில் இத்தோவின் வாசலில் ஒரு கட்டு விறகு இருந்தது. அதற்கு மறுநாள் மூன்று கட்டு. எடுத்துப்போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தியில் ஹத்தா முற்றத்தைக் கடந்து வந்தாள். பத்து மாதமாக அவர்களுக்குள் பேச்சில்லை. முந்தானையில் தன் அடுப்புச் சாம்பலை ஏந்தியிருந்தாள். பிரிந்து மூட்டிய அடுப்பை மூட்டியவள் தானாக அணைக்கக்கூடாது, தாய் அடுப்பின் சாம்பல் விழுந்தால்தான் அது மறுபடி ஒன்றானதாகக் கணக்கு.

"ஒரு வார்த்தை சொல்லு, போட்டு மூடிடறேன்" என்றாள் ஹத்தா.

"மூடினா மனு போயிரும் அத்தை."

"போகட்டும்."

"அவர் கையும் அதுலதான் இருக்கு."

"என் மகன் கை எதுல இருக்குன்னு எனக்கு நீ சொல்லவேணாம்" என்றாள் ஹத்தா. "வீட்டுல ரெண்டு கையாவது மிஞ்சணும். அவளைத் தூக்கறதுக்கு." பிள்ளையைப் பார்த்தாள். "அன்னைக்கு வெண்ணெய் இருந்துச்சு. வேணும்னுதான் தரல" என்றாள்.

இத்தோ மோஹாவைப் பார்த்தாள். அவன் தன் மடியைப் பார்த்தபடியே, மூடிவிடச் சொல் என்றான். அவள் தலையாட்டினாள். ஹத்தா சாம்பலைப் போட்டாள், சின்னச் சீறலோடு தணல் அமிழ்ந்தது, அன்றைக்கு மூன்று பேரும் ஒரே அடுப்பில் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஹத்தா மகனுக்கு ஊட்டினாள், இத்தோ பிள்ளைக்கு ஊட்டினாள், ரொட்டியில் வெண்ணெய் இருந்தது.

புதன்கிழமை விடியலில் இத்தோ கண் கரித்து விழித்தாள். முற்றத்தின் மறுகோடியில் அவளுடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாம்பலை யாரோ ஒழுங்காக வழித்து ஓரமாகக் குவித்திருந்தார்கள், மூன்று கல்லையும் துடைத்திருந்தார்கள். உள்ளே எரிந்தது ஒரு வீட்டு விறகில்லை. கிணற்றடி வீட்டு ஜூனிப்பர், மேலத்தெரு அத்திக்கிளை, ஆட்டுக்காரர் வீட்டுச் சாணிவரட்டி, ஆளுக்கு ஒரு குச்சியாக. மூட்டியது பெண்கள்தான், ஊரில் மூட்டுவதற்குக் கை அவர்களுக்குத்தான் இருந்தது. புகை நேராக, நன்றாக மேலே போனது. அக்கரைப் பாறையில் ஹம்மு நின்றார். அவர் வெகுநேரம் கையை அங்கிக்குள்ளிருந்து எடுக்கவில்லை, அப்புறம் எடுத்தார், அப்புறம் ஒவ்வொரு கொட்டையாகத் தலைமூடிக்குள் போட்டார்.

இத்தோ குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருத்தி அவள் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள், இன்னொருத்தி சும்மாட்டைச் சரிசெய்தாள், இனி பிள்ளைக்கு எந்த வேளை பால், எப்போது கஞ்சி என்று மூன்றாமவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள். யம்னாவின் குச்சி மட்டும் அந்த அடுப்பில் இல்லை. அவள் சாயங்காலம் வந்து ஒரு நீளத் துணியைக் கொடுத்தாள், கையே இல்லாமல் தோளும் பல்லும் வைத்துப் பிள்ளையை முதுகில் ஏற்றிக் கட்டுவது எப்படி என்று காட்டினாள். முதல் இரண்டு தடவை பிள்ளை சரிந்தது. "நான் வேணும்னா வந்து..." என்று ஆரம்பித்தாள், முடிக்காமல் போய்விட்டாள்.

ஆகவே வியாழக்கிழமை காலையில் இத்தோ மாவு பிசைந்தாள். நாற்பது நாளைக்கு ரொட்டி தாங்காது என்று தெரிந்தும் பிசைந்தாள். மோஹாவின் கைகள் மோஹாவை ஏன் மறந்தன என்று இத்தனை நாளும் யோசித்து யோசித்து அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அவன் தூங்கும்போது அவை போய்விட்டன, யாரும் அவற்றிடம் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பினால் ஒருவேளை. அதனால் மாவிலிருந்து கையை எடுத்து, துடைக்காமல், முதுகுத்துணியை அவிழ்த்துத் தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே ஆற்றுப்பாதையில் அங்கி உரசுகிற சத்தம் ஏறி வந்து வாசலில் நின்றது. ஹத்தா எழுந்து போய்க் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள்.

"இத்தோவின் அடுப்பு" என்று வெளியிலிருந்து ஹம்மு கூப்பிட்டார். முகத்தமின் குரல் அது, ஏட்டிலிருப்பதைக் கூப்பிடுகிற குரல். ஊர் முழுக்க அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் பாத்திரச் சத்தம் கேட்கவில்லை.

இத்தோ நிமிரவில்லை. ஒவ்வொரு விரலாக எடுத்துப் பிள்ளையின் மேல் வைத்து, படிக்கப் போகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"இது இஸ்ஸாவோட தலை. உச்சி இன்னும் மூடல, அழுத்தக்கூடாது. இது காது, பின்னால கறை படியும், எண்ணெய் தொட்டு எடுக்கணும். இது கழுத்து மடிப்பு, பால் வழிஞ்சு வெந்துபோகும்."

"இத்தோவின் அடுப்பு."

"இது இடது கால், தூக்கத்துல உதைப்பா, உதைச்சா பிடிச்சுக்கணும், அப்பதான் விழமாட்டோம்னு அவளுக்குத் தெரியும்."

மூன்றாவது தடவை ஹம்மு பதவிக் குரலில் கூப்பிடவில்லை. "மகளே, நேரமாச்சு, எழுந்து வா" என்றார்.

"இது வயிறு" என்றாள் இத்தோ, "வலிச்சு அழுதா வலப்பக்கமா, மெல்ல, வட்டமா தேய்ச்சு விட்டுட்டு, அப்புறம் அவளைத் தூக்கித் தோள்ல போட்டு..." மாவு ஒட்டிய விரல்கள் பிள்ளையின் வயிற்றில் மெல்ல வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, வாசலில் ஹம்மு காத்து நின்றார்.